கடலுக்கும் கதவு உண்டா?



எங்கள் ஊர் திருவேட்டக்குடி. காரைக்காலுக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டிய ஊர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவது என் வழக்கம். வகுப்பை விட்டாலும் கேள்விகள் என்னை விடுவதில்லை!

ஒருநாள் வலை காயப் போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சார், நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி இலங்கைக்குப் போறவங்கள அங்க கும்பிட்டு வரவேற்கிறாங்க. டி.வி.யில காட்டினாங்க. எங்க சித்தப்பாவ மட்டும் ஏன் சார் பிடிச்சிட்டுப் போனாங்க? ரெண்டு பேரும் போனது ஒரே கடல்தானே?"

அவனுடைய சித்தப்பா மீனவர். எல்லை தாண்டிவிட்டார் என்று பிடிபட்டு, சில வாரங்கள் அந்த நாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். போனது படகில், வந்தது விமானத்தில்! படகு மட்டும் இன்னும் வரவில்லை. படகுக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது.

நல்ல கேள்வி அல்லவா? அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று கேள்விகள்

உங்கள் வீட்டுக் கதவை முன்பின் தெரியாத ஒருவர் தட்டுகிறார். அம்மா என்ன கேட்பார்? "நீங்க யாரு? என்ன விஷயமா வந்தீங்க?" ஊரிலிருந்து வந்து தங்குகிற விருந்தாளி என்றால், "எத்தனை நாள் இருப்பீங்க?" என்றும் கேட்பார். ஒரு நாடும் தன் வாசலில் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் பாஸ்போர்ட். தமிழில் கடவுச்சீட்டு என்கிறோம். இது நம் நாட்டு அரசு நமக்குத் தருவது. பெயர், படம், பிறந்த தேதி, பிறந்த ஊர், ஓர் எண் எல்லாம் அதில் இருக்கும். "இவர் எங்கள் குடிமகன், தடையின்றிப் போய்வர விடுங்கள்" என்று நம் அரசு மற்ற அரசுகளைக் கேட்டுக்கொள்வதுதான் அதன் பொருள். நம் நாட்டில் பொதுமக்களுக்குக் கருநீல அட்டை போட்ட பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு அது 10 ஆண்டு செல்லும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளின் முகம் மாறிக்கொண்டே இருக்கும் இல்லையா? அதனால் பொதுவாக 5 ஆண்டுதான்.

மற்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் விசா. நுழைவு இசைவு என்று சொல்லலாம். இதைத் தருவது நாம் போகப்போகும் நாடு. சுற்றிப் பார்க்க ஒன்று, படிக்க ஒன்று, வேலை பார்க்க ஒன்று என்று விசாவில் பல வகை உண்டு. சுற்றிப் பார்க்க வாங்கிய விசாவில் வேலை பார்த்தால் குற்றம். 30 நாள் என்று எழுதியிருந்தால் 31-ஆம் நாள் தங்குவதும் குற்றம்.

எல்லா நாட்டுக்கும் விசா வேண்டுமா? வேண்டாம். இந்தியர்கள் நேபாளத்துக்கும் பூடானுக்கும் விசா இல்லாமலே போகலாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அடையாள அட்டையே போதும். இரண்டு அரசுகள் பேசி முடிவு செய்தால் கதவை எவ்வளவு வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

முதல் வாசல்: நாகப்பட்டினம்

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருவோம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. முதலில் போன கப்பலின் பெயர் செரியபாணி. சில நாட்களில் நின்றுபோன சேவை, 2024 ஆகஸ்டு 16-ஆம் தேதி சிவகங்கை என்ற கப்பலுடன் மறுபடி தொடங்கியது. இரண்டு துறைமுகங்களுக்கும் இடையே சுமார் 111 கிலோமீட்டர்தான்! காரைக்காலிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

ஆனால், பேருந்து போல ஓடிப் போய் ஏறிவிட முடியாது. துறைமுகத்தில் முதலில் குடியேற்றச் சோதனை. பாஸ்போர்ட்டைப் பார்த்து, வெளியே போகிறார் என்று முத்திரை குத்துவார்கள். அடுத்தது சுங்கச் சோதனை. பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அக்கரையில் இறங்கியதும் அதே இரண்டு சோதனை மறுபடியும் நடக்கும். இலங்கைக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்பே கணினி வழியாக இசைவு கேட்கும் முறை 2012-ல் தொடங்கியது. கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறும். ஆகவே, போகும்போது என்ன விதி என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பலில் போனவர் மூன்று கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்திருந்தார். அதனால்தான் கும்பிட்டு வரவேற்றார்கள்.

இரண்டாம் வாசல்: கச்சத்தீவு

பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இலங்கையின் மண்ணில் கால் வைக்க ஒரு வழி இருக்கிறது, தெரியுமா?

ராமேசுவரத்துக்கு அப்பால் கச்சத்தீவு என்ற சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. 1974-ல் இந்தியாவும் இலங்கையும் கடலில் எல்லைக் கோடு வகுத்தபோது இந்தத் தீவு இலங்கைப் பக்கம் போனது. அந்த உடன்பாட்டின் 5-ஆம் பிரிவில் ஒரு சலுகை எழுதப்பட்டது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம். பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது என்பதுதான் அது.

அங்கே அந்தோணியார் கோவில் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும். இரண்டு கரையிலிருந்தும் தமிழர்கள் வந்து கூடுவார்கள். நம் பக்கத்துப் பக்தர்கள் முன்கூட்டியே பெயர் பதிந்து, அடையாள அட்டையுடன் படகில் போய் வருவார்கள்.

இங்கேயும் மூன்று கேள்விகள் மறையவில்லை, கவனித்தீர்களா? யார்? பெயர் பதிந்த பக்தர். எதற்கு? திருவிழாவுக்கு. எத்தனை நாள்? விழா முடியும் வரை.

வாசல் இல்லாத இடம்

சரி, சித்தப்பாவின் கதை என்ன?

அவர் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டும், சுற்றிப் பார்க்கும் விசாவும் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? மாட்டார்கள்! ஏனென்றால் அவர் போனது மீன் பிடிக்க. அதற்கு எந்தச் சுற்றுலா விசாவிலும் இடமில்லை. 1976-ல் இரண்டு நாடுகளும் இன்னொன்றையும் எழுதிக்கொண்டன. ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது. "எதற்கு?" என்ற கேள்வியில்தான் சித்தப்பா மாட்டிக்கொண்டார்.

அந்த எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது. வேலி இல்லை, கல் இல்லை. இருட்டில் நீரோட்டம் இழுத்துப் போகும். இன்ஜின் நின்றால் படகு போன திசைதான் திசை. செயற்கைக்கோள் உதவியுடன் இடம் காட்டும் கருவி வந்த பிறகு கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் நம் பக்கம் மீன் குறைந்துவிட்டதால், தெரிந்தே தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அக்கரையிலும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல் தமிழ் பேசுகிறவர்கள். 2009 வரை நடந்த போரினால் பல ஆண்டுகள் அவர்களால் சரியாகக் கடலுக்குப் போக முடியவில்லை. இப்போது சின்னப் படகில் போய் வலை விரித்தால், இங்கிருந்து வரும் பெரிய இழுவைப் படகு அந்த வலையை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது என்று அவர்கள் வருந்துகிறார்கள். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை வலையை இலங்கை 2017-ல் தடை செய்துவிட்டது.

அதற்காக, ஆயுதமில்லாத மீனவர்களை நோக்கிச் சுடலாமா? கூடவே கூடாது. 2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவு அருகே, காரைக்கால் படகில் சென்ற 13 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. 5 பேர் காயமடைந்தார்கள். இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. எந்த நிலையிலும் மீனவர்கள்மீது பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதே இந்தியா சொல்லிவரும் கருத்து. கோட்டைத் தாண்டியதற்குச் சட்டப்படி விசாரணை இருக்கலாம்; உயிருக்கு ஆபத்து வரக்கூடாது.

பிடிபட்டவர்களுக்கு யார் துணை? யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் அதிகாரிகள் மீனவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். விடுதலையானதும் ஒரு சிக்கல்! பாஸ்போர்ட் இல்லாமல் விமானத்தில் எப்படி ஏறுவது? அதற்காக ஒரே ஒரு பயணத்துக்குச் செல்லும் அவசரச் சான்று கொடுப்பார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நம் சித்தப்பா வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறினார்.

நம் ஊரிலேயே ஒரு எல்லை!

"கோடு போட்டது போட்டதுதானா சார்? மாறவே மாறாதா?" என்று கேட்டான் பையன்.

நான் வடக்கே கை காட்டினேன். அந்தப் பக்கம் நண்டலாறு. இப்போது அதைத் தாண்டினால் தமிழ்நாடு. சைக்கிளில் போய்த் தரங்கம்பாடி பார்த்துவிட்டு வரலாம். ஒரு காலத்தில் அது அந்நிய நாட்டு எல்லை! 1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தரங்கம்பாடியோ 1845 வரை டென்மார்க்காரர் கையில். ஆக, திருவேட்டக்குடிக்காரர் சற்றுத் தூரம் நடந்தாலே வேறு ஆட்சி! இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் சில ஆண்டுகள் இங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1949-ல் சுங்க உடன்பாடு முடிந்ததும் எல்லையில் சோதனை இறுகியது.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படியும் இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் தந்தார்கள். அதனால் காரைக்காலில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். பிறந்தது நம் தெருவாக இருந்தாலும், சட்டப்படி அவர்கள் இங்கே தங்க இந்திய விசாவோ, ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும்!

ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கோடுதான் நகர்ந்தது. அதை நகர்த்தியது மக்களின் போராட்டமும், பேச்சும், கையெழுத்தும். கடல் பிரச்சினைக்கும் இரு கரை மீனவர்களும், இரு அரசுகளும் உட்கார்ந்து பேசித்தான் வழி காண வேண்டும்.

பையன் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ எங்க சித்தப்பா திருடன் இல்லையே சார்? ஸ்கூல்ல ஒருத்தன் அப்படிச் சொன்னான்" என்றான்.

அவன் கேட்க வந்த உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இல்லை தம்பி. உன் சித்தப்பா உழைக்கப் போனவர். கோட்டைத் தாண்டியது தவறு. தவறு செய்தவரும் திருடரும் ஒன்றல்ல" என்றேன்.

செல்வங்களே, இன்று வீட்டில் ஒரு சின்ன வேலை!

* பாஸ்போர்ட் இருந்தால் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் தேதி வரை செல்லும்? பல நாடுகள் இன்னும் 6 மாதமாவது செல்லும் பாஸ்போர்ட்டைத்தான் ஏற்கும்.

* அதில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கிறதா? பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா போன்ற சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, ஏமாற்றப்படாமல் இருக்க அரசு வைத்த காவல் அது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்தச் சோதனை இல்லை. படிப்பின் பயன் புரிகிறதா?

* யாராவது உறவினர் சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறேன் என்றால், மூன்று கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள். நீங்கள் யார்? எதற்குப் போகிறீர்கள்? எத்தனை நாள்? தாளில் இருப்பதும் அவர் சொல்வதும் ஒன்றாக இல்லையென்றால், வீட்டுப் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.