தாலிக்குத் தங்கமா, கையில் ஏடிஎம் கார்டா?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல இருந்த திருமண உதவித் திட்டத்தில், பத்தாவது படிச்ச பொண்ணுக்கு 25,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தாங்க. பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா படிப்போட பரிசு கல்யாணம்னு ஆயிடுச்சே!

2022-ல் அதையே உயர்கல்வித் திட்டமா மாத்தினாங்க. அரசுப் பள்ளியில் படிச்சு கல்லூரி போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய், அவ பேர்ல இருக்கிற வங்கிக் கணக்குல. என்னைக் கேட்டா இதுதான் சரி. தொகை சின்னதுதான். ஆனா கையில் சொந்தக் காசு இருக்கிற பொண்ணு "மேல படிக்கணும்"னு சொல்ற குரலே வேற.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மக்களே. அந்த ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு? அப்பா சட்டைப் பையில்னா, திட்டம் இன்னும் வீட்டுக்குள்ள வரலைன்னு அர்த்தம்.