விலக்கு அளிக்கப்பட்டது, பிறந்த ஊருக்கு அன்று

‘விலக்கு’ என்னும் தமிழ்ச்சொல் இரு திசையிலும் வெட்டும். வரிவிலக்கு ஒருவரைச் சுமையிலிருந்து விடுவிக்கிறது. ஊர்விலக்கோ ஆளையே வெளியே நிறுத்துகிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ‘தேசிய நலன் விலக்கு’ முதற்பொருளில் வழங்கப்பட்டு, இந்தியாவில் பிறந்தோர்க்கு இரண்டாம் பொருளில் வந்து சேர்கிறது.

உயர்கல்வி பெற்றோர்க்கான ‘ஈபி-2’ பிரிவில் கிரீன் கார்டு பெற, வேலைதரும் நிறுவனமும் தொழிலாளர் துறையின் சான்றும் தேவை. விண்ணப்பிப்பவரின் பணி நாட்டுக்கு நன்மை பயக்குமெனில் இவ்விரண்டையும் தவிர்க்கலாம் என்கிறது சட்டம். 2016ஆம் ஆண்டின் ‘தனசார்’ தீர்ப்பு அதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்தது: பணிக்குத் தகுதியும் தேசிய முக்கியத்துவமும் வேண்டும், அதை முன்னெடுக்கும் வலிமை விண்ணப்பிப்பவருக்கு வேண்டும், விலக்கு அளிப்பதால் நாட்டுக்கு நன்மை விளைய வேண்டும். மூன்றும் அறிவைப் பற்றியவை. பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பிறப்பு அடுத்த வாசலில் காத்திருக்கிறது. எந்த நாட்டில் பிறந்தோர்க்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காடே உச்சவரம்பு. ஈபி-2 பிரிவின் ஏறத்தாழ 40,000 இடங்களில் இது சுமார் 2,800. துணைவரும் பிள்ளைகளும் இதற்குள் அடக்கம். கணக்கில் கொள்ளப்படுவது குடியுரிமையன்று, பிறந்த நாடு. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இந்தியாவில் பிறந்தோருள் 2013 ஜனவரி 1க்கு முன் வரிசையில் நின்றவர்க்கே வழி திறந்திருந்தது. இலங்கையில் பிறந்தோர்க்கு அந்த எல்லை 2023. குர்லாவில் பிறந்த தமிழரும் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரும் ஒரே ஆய்வைச் செய்து, ஒரே விலக்கைப் பெறலாம், இடையே பத்தாண்டு. குர்லாக்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரை மணந்தால், துணைவரின் பிறப்பிடத்தைக் காட்டி அந்தப் பத்தாண்டைத் தாண்டலாம். இதில் தேசிய நலன் எங்கே இருக்கிறது?

ஒரே நாட்டினர் எல்லா இடங்களையும் பிடித்துவிடாமல் காப்பதே உச்சவரம்பு என்பர். பன்மை நல்ல நோக்கமே. ஆனால் நூற்று நாற்பது கோடி மக்களைக் கொண்ட நாட்டுக்கும் சில இலட்சம் பேர் வாழும் தீவுக்கும் ஒரே வரம்பு விதிப்பது பன்மையைக் காப்பதாகாது. மேலும், ஒருவரின் பணி நாட்டுக்கு இன்றியமையாதது என்று தனித்து ஆராய்ந்து தீர்ப்பளித்த பிறகு, அவரைக் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்துவது அத்தீர்ப்பையே பொய்யாக்குவதாகும்.

பிறந்த மண்ணைக் கேட்கும் அரசியலைக் குர்லாவும் தாராவியும் நன்கறியும். 1966இல் தோன்றிய சிவசேனை, தென்னிந்தியர் மண்ணின் மைந்தர்க்குரிய வேலைகளைப் பறிப்பதாகக் குற்றஞ்சாட்டியே வளர்ந்தது. அங்கே முழக்கமாக ஒலித்த கேள்வி, குர்லாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் எட்டிவிடும் பாந்திரா-குர்லா வளாகத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் படிவமாக நீட்டப்படுகிறது. குரல் தணிந்திருக்கிறது, கேள்வி மாறவில்லை.

இந்த வரம்பை நீக்கும் மசோதாவை 2019இல் அமெரிக்கக் கீழவை நிறைவேற்றியது. 2020இல் மேலவை வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் இணையவில்லை, சட்டம் பிறக்கவில்லை. தேசிய நலன் என்று சான்றளிக்கப்பட்டவர்களையாவது அவ்வரம்பிலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்கு மனமில்லையெனில், அந்தச் சான்றிதழில் ‘விலக்கு’ என்பதன் பொருள் ஊர்விலக்கே என்று வெளிப்படையாக எழுதிவிடலாம்.