கிழிக்கப்பட்ட சட்டமூலமும் நிறைவேறிய சட்டமும்

2024 நவம்பர் 14ஆம் திகதி நியூசிலாந்துப் பாராளுமன்றத்தில், எதிர்க்கட்சியான மாவோரிக் கட்சியின் 22 வயது உறுப்பினர் ஹானா ராவ்ஹிட்டி மைபி கிளார்க், கையிலிருந்த சட்டமூலப் பிரதியைக் கிழித்துவிட்டு ஹக்கா முழங்கினார். மாவோரித் தலைவர்களும் பிரித்தானிய முடியும் 1840இல் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கைக்குப் புதுப்பொருள் கற்பிக்க முனைந்த சட்டமூலம் அது. காட்சி உலகெங்கும் பரவியது. 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்ற வாக்குகளால் சட்டமூலம் தோற்றது. ஜூனில் அவர் 7 நாட்கள் சபையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்.

பத்திரிகைத் தொழிலில் முதுமையடைந்த எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. 2022இல் நீக்கப்பட்ட, பாரிய குற்றங்களைத் திரும்பச் செய்வோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டம், அதே 2024 இறுதியில் மீண்டும் நிறைவேறியது. அவரது கட்சியின் எதிர்ப்பு எடுபடவில்லை. குற்றவாளியின் சமூகப் பின்னணியை நீதிபதிக்கு விளக்கும் அறிக்கைகளுக்கான சட்ட உதவி நிதியும் அவ்வாண்டே நிறுத்தப்பட்டது.

சட்டம் எல்லோருக்கும் பொதுவானது என்பர் ஆதரிப்போர். குற்றங்களால் பாதிக்கப்படுவோரிலும் மாவோரியர் அதிகம் என்பதும் மெய்யே. ஆயினும், சனத்தொகையில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவான அம்மக்கள் சிறைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர். கடுமையாகும் தண்டனை யார் தலையில் அதிகம் விழும் என்று சொல்லவும் வேண்டுமோ?

பூர்வகுடிகளின் உரிமை உடன்படிக்கை ஏட்டில் மட்டுமன்று, தண்டனைச் சட்டத்தின் உபபிரிவுகளிலும் தீர்மானிக்கப்படுகின்றது. ஹக்காவுக்கு முதற்பக்கம் ஒதுக்கிய நாம், அவ்வுபபிரிவுகளுக்கு எத்தனை வரிகள் ஒதுக்கினோம்?