எரியுதே, அப்புறம் என்ன?

மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ ஐம்பது அறுபது வருஷத்து வீட்டை வைத்திருப்பவரிடம் வயரிங் பேச்சை எடுத்துப் பாருங்கள். "அந்தக் காலத்து வேலை சார், கெட்டி. தேக்கு ரீப்பரில் கிளிப் அடிச்சு இழுத்தது. லைட் எரியுது, ஃபேன் ஓடுது. எதுக்குப் போய் நோண்டணும்?" என்பார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் இதையேதான் சொல்கிறார், கல்லூரிப் பேராசிரியரும் இதையேதான் சொல்கிறார். கையில் டெஸ்டரோடு வரும் எலக்ட்ரீஷியன்களில் சிலரும் "இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று ஒத்து ஊதிவிட்டுப் போகிறார்கள்.

விளக்கு எரிவதால் நிரூபணமாவது ஒன்றே ஒன்றுதான்: மெயினிலிருந்து ஹோல்டர் வரைக்கும் கம்பி எங்கும் அறுபடவில்லை. கம்பியின் மேலுறை உதிர்ந்துபோயிருந்தாலும் பல்பு எரியும். வீட்டுக்கு எர்த்தே இல்லாவிட்டாலும் எரியும். ஆளைக் கொல்கிற குறைகளோ பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கின்றன.

அந்தக் காலத்துச் செம்பு நல்ல செம்பு என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வேலையும் சுத்தம், ரீப்பர் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். ஆனால் பி.வி.சி. வயர் பரவுவதற்கு முன் அந்தச் செம்பின்மேல் இருந்தது ரப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல். நம் ஊர் வெயிலில் மச்சுக்கு அடியில் அத்தனை வருஷம் கிடந்த ரப்பர் என்ன ஆகும்? ஒரு சீலிங் ரோஸின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வயரை இரண்டு விரலால் லேசாக வளைத்தால் தெரிந்துவிடும். ரப்பர் கருப்புத் தூளாகக் கையில் கொட்டும். பின்னல் மட்டும் கூடாக நிற்கும். யாரும் தொடாத வரை, எலி ஓடாத வரை, சுவரில் ஓதம் இறங்காத வரை அது "கெட்டி".

அதற்குப் பின்னால் கட்டிய வீடுகளுக்கு வேறு சீக்கு. செம்பு கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் வீட்டுக்குள்ளும் அலுமினிய வயரை இழுத்தார்கள். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், காற்றுப் பட்டால் மேலே மின்சாரம் கடத்தாத படலம் கட்டும். முடிவில் ஸ்விட்ச் போர்டுக்குள் லூஸ் கனெக்‌ஷன். போர்டு சுடுகிறது, லேசாகக் கருகல் வாசனை வருகிறது. வீட்டுக்காரர் ஸ்விட்சை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்.

அந்த வயரை இழுத்தவர் நாலு 60 வாட் பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டுத்தான் இழுத்தார். எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியர் தாண்டாது. இன்று அதே வீட்டில் 2,000 வாட் கீசர் மட்டுமே 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கிறது, ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எல்லாம் தனி. வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 2 ஆம்பியர் 8 ஆனால் சூடு பதினாறு மடங்கு. 2006-இல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்தது, 2011-இல் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. ஒற்றை விளக்குக்கு இழுத்த வயர் உள்ள வீடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. வயரைப் பற்றி எந்தக் கட்சியும் பேசவில்லை. ஓட்டு வாங்கித் தருகிற சாமான் இல்லை அது.

வயர் தாங்காதபோது எச்சரிக்க வேண்டியது ஃப்யூஸ். அது இரண்டு தடவை போனால் மூன்றாவது தடவை கேரியரில் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டி, "இனிமே போகாது" என்று பெருமைப்பட்டுக்கொள்வது நம் வழக்கம். ஆமாம், போகாது, இனிமேல் ஃப்யூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர்தான் போகும். பல பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் ஒரு ஃப்யூஸ் உண்டு. அது போனால் விளக்கெல்லாம் அணைந்துவிடும், ஃபேஸ் மட்டும் உயிரோடு நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பவர் கதி என்ன?

இங்கேதான் "எம்.சி.பி. போட்டாச்சே" என்ற அடுத்த சமாதானம் வருகிறது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளை அல்ல. ஈரக் கையோடு ஃபேஸைத் தொட்டவரின் உடம்பு வழியே ஓடும் மின்சாரம் கால் ஆம்பியர்கூடத் தேறாது. உயிரை எடுக்க அதுவே அதிகம். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அதைக் கண்டுபிடித்து அணைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பழைய வீட்டில் அதை மாட்டிப் பாருங்கள், அடிக்கடி ட்ரிப் ஆகும். வயரில் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நடப்பது வேறு. "மெஷின் சரியில்ல, மழை வந்தா நிக்க மாட்டேங்குது" என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்கிறார்கள். அவரும் இணைத்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போகிறார். வீட்டில் உண்மை பேசிய ஒரே சாமானுக்குக் கிடைத்த மரியாதை இது.

எர்த்தின் கதை இன்னும் கேவலம். உப்பும் கரியும் போட்டு வைத்த குழியின்மேல் கார் பார்க்கிங் டைல்ஸ் ஒட்டியாயிற்று. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. த்ரீ பின் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு. ஐப்பசி மழையில் ஃப்ரிட்ஜைத் தொட்டால் ஜிவ்வென்கிறது. "செருப்புப் போட்டுக்கிட்டுத் திற" என்று பிள்ளைக்குப் பாடம் சொல்கிறோம். இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000-க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. வயலில் அறுந்து விழுந்த கம்பியும் அதில் அடக்கம்தான், இந்த ஃப்ரிட்ஜ் கைப்பிடியும் அடக்கம்தான்.

செலவாகும், சுவரை உடைக்க வேண்டும் என்பார்கள். பைப் வயரிங் என்றால், பைப் துருப்பிடித்து அடைபடாத வரை, பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டியே இழுத்துவிடலாம். ரீப்பர் வயரிங் என்றால் சுவரின் மேலேயே பி.வி.சி. கேசிங் ஓட்டலாம்; ஒரு செங்கல்லும் உடையாது. அதற்கும் முன்னால், மெக்கர் (வயரின் மேலுறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) வைத்திருக்கும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து 500 வோல்ட்டில் சோதித்தாலே போதும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பேச்சுக்கு இடமில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கும் மாடுலர் கிச்சனுக்கும் லட்சக்கணக்கில் எடுத்து வைப்பவர்களுக்கு இந்தச் சோதனைதான் தண்டச் செலவாகத் தெரிகிறது.

வாடகை வீடு என்றால் யாருக்கும் பொறுப்பே இல்லை. குடிவருபவர் ஏ.சி.யைக் கொண்டுவந்து லைட் பாயின்ட்டிலிருந்தே வயர் இழுத்துக்கொள்கிறார். அவர் காலி செய்யும்போது, சென்னையில் பல இடங்களில், பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். ரீப்பரோடு, வயரோடு சேர்த்துத்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். முன்னால் இருந்தவரிடம் பிடித்த அந்தப் பணத்தில் எந்த அறைக்கு வயர் மாற்றினீர்கள் என்று, அட்வான்ஸ் எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு குடித்தனக்காரராவது கேட்கட்டும்.