ஏரியா, எக்ஸ்டென்ட், ஸ்கோப்



கொட்டாஞ்சேனை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சைஸ், எக்ஸ்டென்ட், ஏரியா, ஸ்கோப் என்று எதைப் பார்த்தாலும் அகராதியில் அளவு, பரப்பு, எல்லை என்றே வருகிறது. எதை எங்கே பாவிப்பது?” வீடு வாங்கவோ திருத்தவோ புறப்படுபவருக்கு இந்த வித்தியாசம் பண விஷயம்.

‘சைஸ்’ இலகுவானது. சட்டை, சப்பாத்து, தரைக்குப் பதிக்கும் டைல் போன்ற தனிப் பொருளின் அளவு அது. காணி உறுதியில் வருவது ‘எக்ஸ்டென்ட்’. நான்கு எல்லைகளையும் சொன்னபின், அவற்றுக்குள் அடங்கும் நிலம் எவ்வளவு என்பதை ஏக்கர், ரூட், பேர்ச் என்ற ஒழுங்கில் எழுதுவார்கள். 0-0-10 என்றால் 10 பேர்ச். யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு. 0-1-0 என்றால் ஒரு ரூட், அதாவது 40 பேர்ச். இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி.

வெள்ளவத்தையில் பலரும் வாங்குவது தொடர்மாடி வீடு. அங்கே பேச்சு ‘ப்ளோர் ஏரியா’ பற்றியது. விளம்பரத்தில் 1000 சதுர அடி என்றிருக்கும். அது வீட்டுக் கதவுக்கு உள்ளேயா, நடைபாதையிலும் படிக்கட்டிலும் ஒரு பங்கைச் சேர்த்தா? கூச்சப்படாமல் கேளுங்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி பதிவான பிளானில் ஒவ்வொரு வீட்டின் ப்ளோர் ஏரியாவும் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். லிப்ட், படிக்கட்டு போன்றவை பொது உடைமை. அவற்றில் உங்களுக்குரியது பிரிக்கப்படாத பங்கு. விளம்பரத்தை விட்டுவிட்டு அந்தப் பிளானைப் பாருங்கள்.

‘ரேஞ்ச்’ என்பதையும் அவர் கேட்டிருந்தார். அதற்கு இரண்டு அந்தங்கள் வேண்டும்: இத்தனை இலட்சத்திலிருந்து இத்தனை இலட்சம் வரை.

‘ஸ்கோப்’ அடிக்கணக்குச் சொல்லே அல்ல. வேலையில் எது அடங்கும், எது அடங்காது என்பதைத்தான் அது சொல்கிறது. 60 சதுர அடிக் குளியலறை என்றால் அது ஏரியா. பழைய டைலை உடைப்பது, சுவரில் நீர் கசியாமல் பூசுவது, குழாய் மாற்றுவது எல்லாம் ஸ்கோப். எங்கள் வீட்டு வேலைக்கு மேசன் பாஸ் தந்த எஸ்டிமேட்டில் உடைத்த கல்மண்ணை ஏற்றிப்போவது இருக்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து அதை இறக்குவது யார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு வரி சேர்த்து எழுதித் தந்தார், அதே தொகைக்கு.