மோட்டுவளைக்கு என்ன நிறம்?

வேலை வெட்டி இல்லாமல் படுத்துக் கிடப்பவரைப் பார்த்து, "மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கான்" என்று சொல்வோம். வேலையில் இருந்த காலத்தில் நானும் பலரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது மோட்டுவளையைப் பார்ப்பதே பாதி நாள் வேலை என்று ஆகிவிட்ட வயது. அந்த மோட்டுவளைக்கு என்ன நிறம் அடிப்பது என்று இந்தத் தை மாதம் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதில் எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். தண்ணீர் தேங்காமல் ஓடட்டும் என்று, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 2009-ல் இந்த வீட்டைக் கட்டியபோது படுக்கையறைக்குச் சரிவாகக் கான்கிரீட் போட்டு, மேலே ஓடு பதித்தோம். உள்ளே தட்டையான மச்சு கிடையாது. பக்கச் சுவர் 9 அடி, நடு முகடு 14 அடி. அறையின் நீளம் 14 அடி, அகலம் 12 அடி. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, "நல்ல காத்தோட்டமா இருக்கே" என்பார்கள்.

போன கார்த்திகையில் ஒரு மழை நாள். என் மனைவி புறவாசலில் துவைகல் பக்கம் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிறகு திருநெல்வேலியில் மகள் வீட்டுக்கு அழைத்துப் போனோம். வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றாலும், ஒரு நாளில் பாதிக்கு மேல் படுக்கைதான். அவள் அங்கே இருக்கும்போதே இங்கே படுக்கையறைக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நானும் மகனும் முடிவு செய்தோம். மழையில் ஒரு பக்கச் சரிவு ஊறி, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. பெயிண்ட் வாடை முழுக்கப் போன பிறகு அவள் வரட்டும் என்பது திட்டம்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். அங்கிருந்தே போனில் படமாக அனுப்பித் தள்ளினான். சரிவு முழுக்கக் கருநீலம், சுவர் வெள்ளை. இன்னொன்றில் கூரை சாம்பல் நிறம், முக்கோணச் சுவர் கரும்பச்சை. "உயரமான கூரைக்கு அழுத்தமான கலர் அடிச்சாத்தான் கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி அடக்கமா இருக்கும்ப்பா" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. அழுத்தமான நிறம் கூரையைத் தாழ்வாகக் காட்டும், வெளிர் நிறம் உயர்த்திக் காட்டும். இது பெயிண்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"மக்களே, தபால் ஆபீஸில் 36 வருஷம் இருந்தவன் நான். எனக்குத் தெரிஞ்ச கலர் சிவப்பு ஒண்ணுதான். இருந்தாலும் சொல்லுதேன், எல்லாம் வெள்ளையா அடிச்சிருவோம்" என்றேன். "பத்மநாபபுரம் அரண்மனையில கூரை எல்லாம் இருட்டாத்தானே இருக்கு, அதை ரசிச்சுப் பார்ப்பீங்களே" என்று மடக்கினான். அது மரம். தச்சர்கள் செதுக்கிய மரத்தின் இருட்டில் ஒரு கதகதப்பு உண்டு. கீழே கறுப்புத் தரையும் கண்ணாடி போலப் பளபளத்து ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும். நம் வீட்டில் கான்கிரீட்டுக்குக் கருநீல எமல்ஷன் அடித்தால் அந்த அழகு வந்துவிடாது. இப்படி நான்கு நாள் ஓடியது.

இதற்கிடையில் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கூட்டிக் கழித்தே பழகிய கை சும்மா இருக்குமா? கூரை தட்டையாக இருந்தால் 14-ஐ 12-ஆல் பெருக்கி 168 சதுர அடி. சரிவாக இருப்பதால் ஒரு பக்கச் சரிவின் அகலம் ஏறக்குறைய 7 அடி 10 அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்தால் சுமார் 219 சதுர அடி. அதாவது 50 சதுர அடி கூடுதல். இது போக, இரண்டு முனையிலும் சுவருக்கு மேலே எழும் முக்கோணம் 60 சதுர அடி. சரிவுக் கூரை உள்ள அறையில், சுவரை விடத் தலைக்கு மேலே இருப்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பெயிண்டர் விவரமானவர். "சார், ஷேட் கார்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கார்டுல இருக்கிறது தீப்பெட்டி அளவு. அதே கலர் கூரை முழுக்க வந்தா ரெண்டு மடங்கு அழுத்தமாத் தெரியும்" என்றார். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு, இரண்டு மூன்று நிறத்தில் ஒவ்வொரு லிட்டர் வாங்கி, சாரத்தில் ஏறிச் சரிவின் இரண்டு பக்கத்திலும் மூன்றடிக்கு மூன்றடி சதுரமாக அடித்துக் காட்டினார். ஒரே டப்பாதான். கிழக்குச் சரிவில் ஒரு நிறம், மேற்குச் சரிவில் வேறொரு நிறமாகத் தெரிந்தது. காலையில் பார்த்தது சாயங்காலம் மாறிப் போனது. ராத்திரி டியூப்லைட் போட்டால் மூன்றாவதாக ஒரு நிறம். ஜன்னல் வெளிச்சம் ஒரு சரிவில் நேராக விழுகிறது, மறு சரிவில் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சரிவில் பட்டியின் மேடு பள்ளம் எல்லாம் பளிச்சென்று தெரியும். பளபளப்பான பெயிண்ட் வேண்டவே வேண்டாம், மேட் பினிஷ்தான் சரி என்று அவர் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இதில் என் கண்ணின் கதையும் சேர்ந்துகொண்டது. எனக்கு வலது கண்ணில் மட்டும் புரை எடுத்திருக்கிறது. வலது கண்ணால் பார்த்தால் வெள்ளைச் சதுரம் நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. இடது கண்ணால் பார்த்தால் பழைய தந்திக் காகிதம் மாதிரி மங்கலாக, மஞ்சளாக இருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடும். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போய்ச் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள் கண் மருத்துவர்கள். கருநீலமும் கறுப்பும் நம் வயதுக்காரர்களுக்கு ஒன்றாகத் தெரிவது இதனால்தான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923-ல் புரை அறுவை செய்துகொண்டார், அதன் பிறகு நிறங்கள் தனக்கு மாறித் தெரிவதாகத் திண்டாடினார். நிறத்திலேயே வாழ்ந்த மனிதருக்கே அந்தக் கதி என்றால் எனக்கென்ன. ஆனால் ஒன்று தெளிவானது. மகன் பெங்களூரில் முப்பத்தைந்து வயதுக் கண்ணால் பார்த்து ரசிக்கும் நிறம், எங்கள் அறையில் எங்கள் கண்ணுக்கு வந்து சேரவே போவதில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் பெயிண்டர் சாப்பிடப் போயிருந்தார். நின்றுகொண்டே அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலி. கட்டில் அறை நடுவே, துணி போட்டு மூடிக் கிடந்தது. அதன் மேலேயே சற்று மல்லாந்து படுத்தேன். படுத்ததும் சுவரே கண்ணில் இல்லை. இரண்டு பக்கச் சரிவும், நடுவில் முகடும், நீளக் குழாயில் தொங்கும் மின்விசிறியும்தான். பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருநீலச் சதுரம் கூரையில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. வெள்ளைச் சதுரம் கண்ணைக் கூசியது. இதைத்தானே இனி ஒருத்தி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடக்கப் போகிறாள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவளிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும்.

உடனே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அங்க படுக்கப் போறது நான்தானே? அப்பாவும் மகனும் நாலு நாளா சண்டை போடுதீங்களாம், மக சொன்னா. கேட்பீங்கன்னு பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை.

"வெள்ளை மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரியில 11 நாள் அதைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். கண்ணை மூடினாலும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. இருட்டுக் கலரும் வேண்டாம், மேல இறங்கி வர்ற மாதிரி பயமா இருக்கும். தாழம்பூ இருக்குல்லா, அதோட உள்மடல் நிறம். அது மாதிரி அடிங்க." இதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் மனதில் அது ஏற்கெனவே தயாராக இருந்தது.

திருமணமாகி 41 வருடம். இந்த வீட்டு வாசல் கதவிலிருந்து கிணற்றுச் சுவர் வரை எல்லா நிறமும் நான் சொன்னது. அவளைக் கேட்கக் கூடாது என்று நினைத்ததில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. மகனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவன் படத்தைப் பார்த்து முடிவு செய்தான், நான் பழக்கத்தைப் பார்த்து முடிவு செய்தேன். இதை அவனிடமும் சொன்னேன். "அம்மா சொன்னா சரிதான்ப்பா" என்று அன்றே விட்டுவிட்டான். செலவு முழுக்க அவன்தான் செய்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

பெயிண்டர் தாழம்பூ நிறத்துக்கு நான்கு ஷேடு காட்டினார். அதில் மிக வெளிறிய ஒன்றை எடுத்தோம். சுவருக்கு அந்த நிறம். சரிவுக்கு அதே நிறத்தில் சாயத்தைப் பாதியாகக் குறைத்துக் கலந்த டப்பா. 9 அடி உயரத்தில் கோடு கிழித்து நிறத்தை மாற்றாமல், முக்கோணச் சுவரிலும் முகடு வரை சுவர் நிறத்தையே கொண்டுபோனோம். பாதியில் நிறுத்தினால் சுவருக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். 6500 கெல்வின் என்று போட்டிருந்த வெளிர்நீல டியூப்லைட்டைக் கழற்றி 3000 கெல்வின் விளக்கு மாட்டினோம். அதன் வெளிச்சம் மஞ்சள் சாயல் உள்ளது. விளக்கை மாற்றிய பிறகுதான் ஷேடையும் இறுதி செய்தோம். முன்னாலேயே முடிவு செய்திருந்தால் ராத்திரியில் மாம்பழ நிறமாகப் போயிருக்கும். குளியலறைக் கதவு நிலைக்கு மட்டும் அடர்ந்த பழுப்பு எனாமல். ராத்திரி எழுந்து போகும்போது வெளிர்ச் சுவருக்கும் வாசலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஒரு முறை விழுந்தவள் இருக்கும் வீடு இது.

என் கருத்து இதுதான். படுக்கையறைக் கூரையின் நிறத்தை, அதிலும் சரிவுக் கூரையின் நிறத்தை, அந்த அறையில் அதிகம் படுத்திருக்கப் போகிறவர் முடிவு செய்ய வேண்டும். படுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முன்னறைக்கு நாலு பேர் வருவார்கள், அங்கே பிள்ளைகள் இஷ்டப்படி அடிக்கட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து விழுந்து, காலை ஆறு மணிக்கு எழுந்து ஓடுகிற இளைஞர்கள் தங்கள் படுக்கையறைக்குக் கருநீலம் அடித்துக்கொண்டாலும் நஷ்டமில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அறைதான் மீதி உலகம். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, மாமியாருக்கு என்று அறை ஒதுக்கும்போது கட்டில், கமோடு, அழைப்பு மணி எல்லாம் யோசிக்கிறோம். மேலே என்ன நிறம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்களும் வாய் திறந்து சொல்வதில்லை, "உங்களுக்குப் பிடிச்சதை அடிங்க" என்று சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இன்னொரு முறை கேளுங்கள். கூடவே சரிவின் இரண்டு பக்கத்திலும் மூன்றடிச் சதுரம் அடித்து, காலை, மாலை, ராத்திரி மூன்று நேரமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பெயிண்ட் வீணாகும், அவ்வளவுதான்.

பெயிண்ட் அடித்து முடித்து ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து போட்டோம். மாசி பிறந்ததும் அவளை அழைத்து வந்தேன். வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு மெதுவாகப் படுத்தாள். கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். நான் பரீட்சை எழுதிய பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லாருக்கு. அந்த ஃபேன் றெக்கையை மட்டும் ஒருத்தரும் துடைக்கலையா?" என்றாள்.

ஏணி போட்டு ஏறும் வயது எனக்கில்லை. பெயிண்டரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.