யானை மிதித்த வயலுக்கு ஈடு எங்கே?

நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பலநாள் உணவாகும். யானையே வயலுள் புகுந்தாலோ, உண்டதினும் மிதித்தழித்ததே மிகும். வரி தண்டும் முறைபற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை இது. புறநானூற்றின் 184-ஆம் பாட்டு.

அப் பாண்டியரின் மதுரையை அடுத்திருந்த அவனியாபுரம் 2011-இல் மாநகராட்சியுள் இணைக்கப்பட்டது. 2022-இல் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் வீட்டுவரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது. வரியே கூடாது என்பார் நாமல்லர். தவறாக விதித்த வரியை எதிர்த்து வழக்காடி வென்றவனின் செலவை எவர் தருவது என்பதே நம் வினா.

சட்டத்தின் இசைவின்றி எவ்வரியும் விதிக்கவோ தண்டவோ கூடாதென்பது அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆம் பிரிவு. அதனை மீறியது அரசு. மெய்ப்பிக்கும் சுமையோ குடிமகனுக்கு! வழக்கறிஞர் கட்டணம், வேலை கெட்ட நாள்கள், இவற்றோடு தமிழ் ஆவணங்களை ஆங்கிலமாக்கும் செலவு வேறு. 2004-இல் உயர்முறைமன்றக் கிளை மதுரைக்கு வந்தது; தமிழ் அதன் வழக்காடுமொழியாகவில்லை. 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் இந்திய அரசு இசையவில்லை. அரசோ நம் பணத்திலேயே நம்மோடு வழக்காடுகின்றது. தோற்றாலும் அலுவலர் பையில் ஒரு காசும் குறைவதில்லை.

சட்டத்தில் வழியில்லாமலில்லை. தோற்றவர் வென்றவரின் செலவை ஏற்பதே இயல்பு. மறுக்கும் மன்றம் அதற்குக் கரணியம் எழுதவேண்டும் என்கின்றது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 35-ஆம் பிரிவு. சேலம் வழக்கறிஞர் கழகம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச முறைமன்றம் ஒருபடி மேலே சென்றது. செலவுத்தொகை பெயரளவினதாய் இராமல், உண்மையில் ஆன தகுந்த செலவாக இருத்தல் வேண்டும் என்றது. வழக்கிற்கு முன் தரப்படும் இரு திங்கள் அறிவிப்புக்கு அரசு மறுமொழி தாராதிருந்தாலோ, மழுப்பினாலோ, பெருந்தொகையைச் செலவாக விதித்து, பொறுப்பான அலுவலரிடமிருந்தே அதனைத் தண்டவும் வழிகாட்டியது. அமெரிக்காவிலும், அரசின் நிலைப்பாடு போதிய அடிப்படையற்றதாயின், வரிவழக்கில் வென்றவர் தகுந்த செலவைப் பெற 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது.

இங்கோ, 'அவரவர் செலவு அவரவர்க்கு' என்னும் ஒருவரியில் எத்தனையோ தீர்ப்புகள் முடிகின்றன!

தமிழர்களே! வரிவழக்குத் தொடுப்போர் செலவுத்தொகையையும் வேண்டுகோளில் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும், மொழிபெயர்ப்புக் கூலிக்கானதையும் விடாமல், காத்து வையுங்கள். கேளாத உரிமை கிட்டாது. வென்றவனுக்கு முழுச்செலவும், தவறிய அலுவலர்க்குப் பொறுப்பும், மன்றத்தில் தமிழும் வரும்வரை, தீர்ப்பில் வென்றும் பொருளில் தோற்பவனாகவே தமிழன் இருப்பான். மிதித்த யானை ஈடு தந்தே ஆகவேண்டும்!